நாற்பதடி

சாத்தாங்காடு யார்டில் எனக்கு வேலை
பெட்டியின் எண்ணைப் படித்து எழுதுவது.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
படி, எழுது, மறுபடி படி.
ஒன்பது வருசப் பழக்கம்
தூக்கத்துக்குள்ளும் வந்துவிட்டது.

அப்படித்தான் முதல் தடவை பிடிபட்டது.
துருவேறிய நீலப் பெட்டி,
கடைசி இலக்கம் மூன்று.
குனிந்து எழுதி நிமிர்ந்தால் எட்டு.
மறுபடி பார்த்தால் எண்ணே இல்லை,
அந்த இடத்தில் எங்கள் தெரு ரேஷன் கடையின்
'இன்று பாமாயில் இல்லை'.
அட, நான் தூங்கினு இருக்கேன் என்றேன்.
சொன்ன பிறகும் கனவு கலையவில்லை.
யார்டு அப்படியே இருந்தது.
சாவியோடு நின்றது ஒரு ட்ரெய்லர்.

விழித்திருக்கையில் எனக்கு அது
ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம்,
சகாயம் சாப்பிடப் போகும் இடைவெளி.
டீசலுக்கு இருநூறு ரூபாய்.
'சோத்தாங்கை பக்கம் ஒடிச்சா
வாலு பீச்சாங்கை பக்கம் போவும்.
அவ்ளோதான் ஃபிலோ.'
அந்த அவ்ளோதானில்
பதினோரு ஞாயிறு போயிற்று.
மூளைக்குத் தெரிந்தது, தோளுக்குத் தெரியவில்லை.
ஒவ்வொரு தடவையும்
முழங்கை மடங்குவதுபோல்
பெட்டி என் ஜன்னலுக்கே மடங்கி வந்தது.

அதனால் ராத்திரிகளை எடுத்துக்கொண்டேன்.
படுக்கும்முன் ஆஸ்பெஸ்டாஸைப் பார்த்துச் சொல்வேன்:
எண்ணைப் பார், ரெண்டு தடவை பார்.
எண்ணூர் சாலையில் ஹார்பருக்கு வரிசைகட்டிய வண்டிகள்
ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும்.
பத்து ராத்திரியில் இரண்டு கிடைக்கும்.
கிடைத்தாலும் சந்தோஷப்பட்டால் விழித்துவிடுவேன்,
அவசரப்பட்டால் வண்டி மிதக்கும்.
ஒருமுறை கடலே யார்டுக்கு வந்து
வாட்ச்மேனிடம் கேட்பாஸ் கேட்டது.
பறக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.
ஒருநாள் அம்மா வந்து நின்றாள்,
தூக்கில் வஞ்சிரக் குழம்போடு,
செத்தது தெரியாத முகத்தோடு.
'அப்பால துன்றேம்மா' என்று
கண்ணாடியில் வாலைப் பார்த்தேன்.
அதற்குப் பகலில்தான் அழுதேன்.

கனவு வண்டி சொன்னபடி கேட்கும்.
அதுதான் கோளாறு.
கை திரும்பும்முன்பே,
நினைத்த உடனே திரும்பியது வால்.
பிறகு நானே கெடுத்தேன்:
இருபத்தாறு டன் அரிசி ஏற்றினேன்,
மழையை விட்டேன்,
இடப்பக்கக் கண்ணாடியை உடைத்தேன்.
கனவு மெல்லக் கனத்தது.
மடங்கியது.
முன்னே எடுத்து நேராக்கினேன்.
மடங்கியது.
எந்த ராத்திரி என்று தெரியாது,
வால் கிளம்பும்முன் தோள்
எதிர்ப்பக்கம் போயிருந்தது.

கம்பெனி டெஸ்ட்.
மூன்று பீப்பாய்களை ஒட்டிப் பின்னால் விடணும்.
ஏறும்முன் பெட்டியைப் பார்த்தேன். கடைசி இலக்கம் ஏழு.
குனிந்து செருப்பைக் கழற்றி நிமிர்ந்தேன்.
ஏழு.
காற்று திரும்பி அந்த நாற்றம் வந்தது.
கனவில் மணலி நாறுவதில்லை.
வயிறு கலங்கியது.

கை, பிறகு வால். நேராக்கு. கொஞ்சம் விடு.
மூளை ஒன்றும் சொல்லவில்லை,
தோள்தான் ஓட்டியது.
முதல் பீப்பாய் போனது. இரண்டாவதும்.
மூன்றாவது, கடைசி முழத்தில்,
டண் என்று விழுந்து உருண்டது.
இத்தனை ராத்திரியில் ஒருமுறைகூடக்
கேட்காத சத்தம்.

மேனேஜர் பேடில் ஏதோ எழுதினார்.
'அடுத்த மாசம் வாம்மா.'
சகாயம் பீப்பாயை நிமிர்த்திக்கொண்டே,
'ரெண்டு தாண்டிட்டியே,
அரைமணி நேரத்துல எங்க கத்துக்கின?'
'வூட்லதான்' என்றேன்.

அன்று படுக்கும்போது
எண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
அந்த டண்ணை மட்டும்
காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.